எந்திர யானையின் வயிற்றுக்குள்: மும்பைத் தமிழ் இல்லங்களில் ட்ரோஜன் நீக்கம் குறித்த ஓர் ஆய்வு

மும்பைத் தமிழரைப் பற்றி ஆராயப்படாதது குறைவு. தாராவியின் தோல் பதனிடும் கொட்டில்கள், மாட்டுங்காவின் சுருக்கெழுத்தாளர்கள், செம்பூரின் சபாக் கச்சேரிகள் என எதை எடுத்தாலும் யாரோ ஒருவர் குறிப்பெடுத்துக்கொண்டிருக்கிறார். ஆனால் இவ்வீடுகளின் கூடத்து மூலையில், பூப்போட்ட துணி உறை போர்த்தி, ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனம் சிபியுவின் நெற்றியில் காய்ந்திருக்க வீற்றிருக்கும் கணிப்பொறியையும், அதற்குள் குடியேறிய ட்ரோஜனையும் அறிவுலகம் இதுவரை கண்டுகொள்ளவில்லை. அக்குறையை நீக்க இக்கட்டுரை முயல்கிறது. நீக்கிவிடும் என்று உறுதி கூற இயலாது. ட்ரோஜனை நீக்க வந்த பலரும் இப்படி நம்பிக்கையோடுதான் தொடங்கினார்கள்.

முதலில் இலக்கணம். வைரஸ் தன்னைத் தானே படியெடுத்துப் பிற கோப்புகளில் ஒட்டிக்கொள்ளும். வோர்ம் யார் கையும் படாமல் வலையமைப்பு வழியே ஊர்ந்து வரும். ட்ரோஜனுக்கு இத்தகைய திறமை எதுவும் தேவையில்லை. நல்ல உடை உடுத்தி வாசலில் நிற்கும். வீட்டுக்காரரே “வாங்கோ, வாங்கோ” என்று உள்ளே அழைப்பார். கணினி உலகில் இதற்குப் பெயர் சூட்டியவர் டேனியல் எட்வர்ட்ஸ் என்கிறது, 1972இல் அமெரிக்க விமானப்படைக்காக ஜேம்ஸ் ஆண்டர்சன் எழுதிய பாதுகாப்பு அறிக்கை. எட்வர்ட்ஸ், ட்ராய் நகரை ஏமாற்றிய கிரேக்கரின் மரக்குதிரையை நினைத்தார். தமிழ் படித்திருந்தால் இதைவிடப் பொருத்தமான விலங்கு கிடைத்திருக்கும்.

வத்தவ நாட்டு உதயணனுக்கு யானை என்றால் உயிர். கோடபதி என்னும் யாழை அவன் மீட்டினால் மதயானையும் பின்னே வரும். இதை அறிந்த உஞ்சை மன்னன் பிரச்சோதனன் எந்திர யானை ஒன்றைச் செய்வித்து, வீரர்களை உள்ளே ஒளித்து, காட்டில் நிறுத்திவைத்தான். உதயணன் தானே தேடிப் போய்ச் சிறைப்பட்டான். கொங்குவேளிரின் பெருங்கதை இவன் வரலாறுதான். ஆனால் உ.வே. சாமிநாதையர் 1924இல் அதைப் பதிப்பித்தபோது நூலின் தொடக்கமும் முடிவும் கிடைக்கவில்லை. கிடைத்த பகுதி திறக்கும்போதே உதயணன் உஞ்சையில் சிறையிருக்கிறான்; யானை வந்த கதையைப் பிற நூல்களிலிருந்துதான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. பேக்கப் எடுக்கும் வழக்கம் அன்றும் சரியாக இல்லை என்பது இதனால் பெறப்படும்.

குதிரையைவிட யானை ஏன் மேல்? கிரேக்கர் ஓர் ஊருக்கே பொதுவாக ஒரு காணிக்கை செய்தார்கள். பிரச்சோதனனோ ஆளை அறிந்து பொருளை வடித்தான். ட்ரோஜன் எழுதுபவர்கள் அவன் வழி வந்தவர்கள். 1989இல் ஜோசப் பாப் என்னும் உயிரியலாளர் ‘எய்ட்ஸ் பற்றிய தகவல்’ என்று ஏறக்குறைய 20,000 ஃபிளாப்பிகளைத் தபாலில் அனுப்பினார். பெற்றவர்களுள் எய்ட்ஸ் மாநாட்டுக்குப் போய்வந்தவர்களும் இருந்தார்கள். போட்டுப் பார்த்த கணினி 90 முறை இயங்கும்வரை பரம சாதுவாக இருந்தது. பிறகு கோப்புப் பெயர்களையெல்லாம் குலைத்துவிட்டு, பனாமாவில் ஓர் அஞ்சல் பெட்டிக்கு 189 டாலர் அனுப்பச் சொன்னது. மருத்துவரிடம் கச்சேரி சிடியை நீட்டியிருந்தால் இது நடந்திருக்காது.

கச்சேரி வேலை செய்யும் இடம் மாட்டுங்கா. கிங்ஸ் சர்க்கிளைச் சுற்றிய தெருக்களில், சண்முகானந்தா அரங்கில் கேட்ட கச்சேரியின் ஒலிப்பதிவு என்று பென்டிரைவ்கள் கை மாறிய காலம் ஒன்று உண்டு. செருகிய உடனே உள்ளிருப்பதைத் தானே ஓட்டும் பழக்கம் விண்டோஸுக்கு இருந்தது. பழைய எக்ஸ்பி, விஸ்டா கணினிகளில் பென்டிரைவுக்கு அதை நிறுத்தும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் பரவலாக அனுப்பியது 2011 பிப்ரவரியில்தான். அதற்குள் ‘நியூ ஃபோல்டர்’ என்ற பெயரும் மஞ்சள் உறைப் படமும் தரித்த ஒன்று வீடு வீடாக ஏறி இறங்கிவிட்டது. அது உறையே இல்லை, இயங்கு கோப்பு. பெயரின் வாலில் இருந்த ‘இஎக்ஸ்இ’யை விண்டோஸ் நாகரிகம் கருதி மறைத்துவிட்டதால் யாருக்கும் தெரியவில்லை. உள்ளே கல்யாணி ராகம் இருக்கும் என்று இரண்டு தட்டுத் தட்டியவருக்குக் கல்யாணி கிடைக்கவில்லை என்பதே துயரம். கிடைத்திருந்தால் கணினி போனதைக்கூடப் பொறுத்திருப்பார்.

பிற யானைகளைச் சுருக்கமாகச் சொல்லலாம். ஜாதகம் கணிக்கும் மென்பொருளின் இலவச ‘ஃபுல் வெர்ஷன்’ பெரியவர்களுக்கு. விட்டுப்போன சீரியல் பகுதி செம்பூர் சேடா நகர் வரை எல்லா இல்லத்தரசிகளுக்கும். அதை ஓட்ட ‘கோடெக்’ ஒன்றை நிறுவச் சொல்லும், அந்தக் கோடெக்தான் ட்ரோஜன். ஸ்லாப் என்ற பெயரில் 2005க்குப் பிறகு உலகெங்கும் இது நடந்தது. வெளியான அன்றே கிடைக்கும் ரஜினி படம் வயது வேறுபாடின்றி எல்லோருக்கும்.

விளையாட்டுப் பித்துப் பிடித்த மகனுக்கு ‘கீஜென்’. இது தனியே ஆராயத்தக்கது. திருட்டு விளையாட்டுக்குச் சாவி செய்து தரும் இச்சிறு நிரல், ஓடும்போது கீச்சுக் குரலில் ஓர் இசையும் வாசிக்கும். அடுத்த அறையிலிருந்து தந்தையார் அது என்ன ராகம் என்று யோசித்துக்கொண்டிருக்க, மகன் கூடவே வந்த குறிப்பைப் படிப்பான்: இயக்குமுன் ஆண்டிவைரஸை நிறுத்திவிடவும். நிறுத்துவான். ட்ராய் நகரத்தாரும் குதிரை நுழைவதற்காகத் தங்கள் மதிலைத் தாங்களே உடைத்தார்கள் என்று வெர்ஜில் எழுதுகிறார். மூவாயிரம் ஆண்டாகியும் கையேடு மாறவில்லை.

இனி நோய்க்குறிகள். இணையம் மந்தமாகும்; மூடிய விளம்பரம் மீண்டும் முளைக்கும். ஐயுற்று டாஸ்க் மேனேஜரைத் திறந்தால், ‘உங்கள் அட்மினிஸ்ட்ரேட்டர் இதை முடக்கியுள்ளார்’ என்று ஒரு பெட்டி வரும். அந்நேரத்தில் குடும்பத்தார் அனைவரும் மாமியைத் திரும்பிப் பார்ப்பது களத்தில் பரவலாகக் காணப்படும் நடத்தை. அதற்கு அடுத்த நிலையில் ‘ஆண்டிவைரஸ் 2009’ என்ற வைத்தியர் தானாகவே தோன்றி, நூற்றுக்கணக்கில் கிருமிகளை எண்ணிக் காட்டி, கிரெடிட் கார்டு எண் கேட்பார். அவரே கிருமி.

நீக்கும் முறையில் மாட்டுங்கா மரபு, செம்பூர் மரபு, தாராவி மரபு என மூன்று உண்டு. வகுத்தவர் இக்கட்டுரையாளரே, மறுப்பவர்கள் தங்கள் வகைப்பாட்டை வெளியிடலாம்.

மாட்டுங்கா மரபு பதிப்பாசிரியர் மரபு. ஏட்டில் இடைச்செருகல் எது, மூலம் எது என்று பிரிப்பதுபோல் ஒவ்வொரு கோப்பாகப் பார்ப்பது. முதலில் நெட் கேபிளைப் பிடுங்க வேண்டும். உள்ளே இருப்பவன் வெளியே இருப்பவனோடு பேசக் கூடாது. பிறகு, எக்ஸ்பி காலத்துக் கணினியானால், எஃப்8 அழுத்தி சேஃப் மோடில் நுழைந்து, கணினி விழிக்கும்போது கூடவே விழிப்பவை எவை என்று எம்எஸ்கான்ஃபிக்கிலும் ரிஜிஸ்ட்ரியின் ‘ரன்’ பகுதியிலும் தேட வேண்டும். இங்கேதான் பாடபேதம் கைகொடுக்கிறது. ‘எஸ்விசி ஹோஸ்ட்’ என்பது விண்டோஸின் மூலபாடம். ‘எஸ்சிவி ஹோஸ்ட்’ என்பது ட்ரோஜன். ‘எல்சாஸ்’ என்ற நல்ல கோப்பின் முதல் எழுத்தான சிறிய எல்லுக்குப் பதில், அச்சு அசலாக அதேபோல் தோன்றும் பெரிய ஐ-யை இட்டு உள்ளே வந்தவையும் உண்டு. மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பார்த்தால் சில வேளை பிடிபடும்.

பிடித்து அழித்தாலும் மறுநாள் உயிர்த்தெழும். எக்ஸ்பியின் சிஸ்டம் ரீஸ்டோர் அக்கறையோடு அதற்கும் ஒரு படி எடுத்து வைத்திருக்கும். அந்தப் பெட்டகத்துக்குள் ஆண்டிவைரஸ் கை வைக்க முடியாது. சிஸ்டம் ரீஸ்டோரை அணைத்துவிட்டுத் தேட வேண்டும் என்பது முதல் முறை யாருக்கும் நினைவு வருவதில்லை. ரூட்கிட் வகையாக இருந்தால் கதையே வேறு. விண்டோஸிடம் கேட்டால் விண்டோஸே பொய் சொல்லும். சிடியிலிருந்து வேறோர் இயங்குதளத்தை எழுப்பி வெளியிலிருந்து பார்த்தால்தான் உண்மை தெரியும். இத்தனையும் முடிக்கப் பல குவளை ஃபில்டர் காப்பி ஆகும். இம்மரபினர் நேரத்தைக் கணக்கில் சேர்ப்பதில்லை. பெரும்பாலும் ஓய்வு பெற்றவர்கள்.

செம்பூர் மரபு விலை கொடுத்து வாங்குவது. இத்துறையில் நம் பக்கத்துச் சரக்குக்குப் பஞ்சமில்லை: சென்னையில் கேசவர்த்தனன் 1991இல் தொடங்கிய கே7, புனேயில் பழுதுபார்க்கும் கடையிலிருந்து கைலாஷ், சஞ்சய் காட்கர் சகோதரர்கள் வளர்த்த குவிக் ஹீல், மும்பையிலேயே ஈஸ்கேன். மத்திய அரசு 2017இல் சைபர் ஸ்வச்சதா கேந்திரா தொடங்கி நீக்கும் கருவிகளை இலவசமாகவே தருகிறது. இரண்டு வாங்கி ஒரே கணினியில் போட்டால் இருமடங்கு பாதுகாப்பு என்று நினைப்பவர்கள் உண்டு. இரண்டும் ஒன்றையொன்று சந்தேகித்துக் கணினியை முடக்கும். இம்மரபைப் பற்றி வேறு சொல்ல ஒன்றுமில்லை, புதுப்பிக்கும் தேதியைத் தவிர.

தாராவி மரபு ஒரே சொல்: ஃபார்மட். தொண்ணூறு அடி சாலைப் பக்கத்துக் கடையிலிருந்து தோளில் பையோடு வரும் தம்பி பாடபேதம் பார்ப்பதில்லை. “சி டிரைவ அடிச்சிட்டு புதுசா ஓஎஸ் போட்டுரலாம் சார். நோண்டிட்டு இருந்தா நாளைக்கும் கூப்புடுவீக.” மாட்டுங்காவுக்கு இது அநாகரிகமாகப் படும். ஆனால் 2004இல் மைக்ரோசாஃப்ட்டின் ஜெஸ்பர் யோஹான்சன் இதே பொருளில் ஒரு கட்டுரை எழுதி, இதே முடிவுக்குத்தான் வந்தார். ஊடுருவப்பட்ட கணினி எதைச் சொன்னாலும் நம்ப முடியாது. ஆகவே தரைமட்டமாக்கித் திரும்பக் கட்டுவதே வழி. அவருக்கு அது ஒரு கட்டுரை நீளம். தம்பிக்கு ஒரு வாக்கியம். அறிவியல் அடிப்படையில் மூன்று மரபுகளில் தாராவியே வலுவானது என்பது இவ்வாய்வின் முடிபு. பையில் இருக்கும் சிடி உரிமம் பெற்றதா என்ற கேள்வி இக்கட்டுரையின் எல்லைக்கு அப்பாற்பட்டது. அதைக் கேட்பவர்கள், லேமிங்டன் ரோட்டில் உதிரி பாகங்களைச் சேர்த்துக் கணினி வாங்கியபோது கூடவே வந்த சிடியைப் பற்றியும் கேட்க வேண்டியிருக்கும்.

ஃபார்மட்டுக்கு முன் தம்பி இரண்டு கேள்வி கேட்பார். “பேக்கப் எடுத்தாச்சா சார்?” இதற்கு விடை எப்போதும் ஒன்றே. இரண்டாவது கேள்விதான் குடும்பத்தை உலுக்கும்: “யாரு சார் இத கிளிக் பண்ணது?” தம்பிக்கு வம்பு நோக்கம் இல்லை. எந்தக் கோப்பு வழியாக வந்தது என்று தெரிந்தால் காப்பாற்றி எடுக்கும் கோப்புகளோடு அதுவும் திரும்பி வராமல் தடுக்கலாம். எப்போது வந்தது என்று தெரிந்தால் எந்தெந்த வங்கிக் கடவுச்சொல்லை வேறு கணினியிலிருந்து மாற்ற வேண்டும் என்று சொல்லலாம். ஆனால் இதற்கு விடை சொல்வதென்றால், தான் எந்த யானைக்கு ஆசைப்பட்டேன் என்பதை வெளியாள் முன்னிலையில் ஒப்புக்கொள்ள வேண்டும். தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000, பிரிவு 43, பிறர் கணினியில் கேடு புகுத்துவோரைப் பற்றிப் பேசுகிறது. பிரிவு 66 மூன்று ஆண்டுவரை சிறை என்கிறது. சொந்தக் கணினியில் ஆசையோடு புகுத்திக்கொண்டவருக்குச் சட்டத்தில் தண்டனை ஏதுமில்லை, வீட்டில்தான். ஆகவே யாரும் வாய் திறப்பதில்லை. பிரவுசரின் ஹிஸ்டரி ஏற்கெனவே துப்புரவாக அழிக்கப்பட்டிருக்கும். டாஸ்க் மேனேஜர் தெரியாத வீட்டில் இந்த ஒரு வித்தை மட்டும் எப்படி எல்லோருக்கும் தெரிகிறது என்பது மேலாய்வுக்குரியது.

இன்று யானை கைப்பேசிக்கு இடம் மாறிவிட்டது. 2024 நவம்பரில் இமாசலப் பிரதேசக் காவல்துறை ஓர் எச்சரிக்கை விட்டது: வாட்ஸ்அப்பில் கல்யாணப் பத்திரிகை என்று ஏபிகே என்னும் செயலிக் கோப்பு வருகிறது, திறந்து நிறுவினால் கைப்பேசி பிறர் கைக்குப் போய்விடும். பிரச்சோதனன் கேட்டிருந்தால் பொறாமைப்பட்டிருப்பான். ஜாதகம் வேண்டாதவர் உண்டு, கச்சேரி வேண்டாதவரும் உண்டு. பத்திரிகை வந்தால் பிரிக்காத தமிழர் உண்டா?

மாட்டுங்காவில் இப்படி ஒன்று வந்த கைப்பேசியைத் தம்பியிடம் நீட்டிய பெரியவர், தன் பக்க நியாயத்தையும் கூடவே நீட்டினார்.

“ஏண்டாப்பா, நாளைக்கு அவாளை நேர்ல பாத்தா, பத்திரிகையைப் பிரிச்சுக்கூடப் பாக்கலைன்னு சொல்ல முடியுமா?”

“பிரிக்கலாம் சார். ஆனா பத்திரிகை எதுக்கு சார் இன்ஸ்டால் பண்ணச் சொல்லுது?”

தம்பி கோப்பை அழித்தார். உள்ளிருந்து மாமியின் குரல் வந்தது: “அழிக்கறதுக்கு முன்னாடி யார் கல்யாணம்னு பாத்தேளா, இல்லையா?”