அடியில்லாத கெண்டி

கேள்வி: கம்ப்யூட்டர் கிராபிக்ஸ் ஆராய்ச்சிக் கட்டுரை எதைப் புரட்டினாலும் ஒரு தேநீர்க் கெண்டி வந்து நிற்கிறதே, ஏன்? ஆராய்ச்சியாளர்களுக்கு டீ மேல் அவ்வளவு பைத்தியமா?

பதில்: பைத்தியம்தான், ஆனால் டீ மேல் இல்லை. 1975-இல் அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சியாளர் மார்ட்டின் நியூவெல், கணினியில் வரைந்து பார்க்க ஒரு பொருள் தேடிக்கொண்டிருந்தார். மனைவி சான்ட்ரா வீட்டு டீ செட்டைக் காட்டினார். (ஆராய்ச்சிக்கு வழிகாட்டி என்றாலே பேராசிரியர்தான் என்று யார் சொன்னது?) நியூவெல் கெண்டியைப் பார்த்துக் காகிதத்தில் வரைந்து, வளைகோடுகளை எண்களாக்கினார்.

தேர்வு பிரமாதம். வயிறு உருண்டை, மூக்கு வளைவு, கைப்பிடியில் ஓட்டை, தன் நிழல் தன் மேலேயே விழும் உடம்பு. வெளிச்சக் கணக்கு சரியா தப்பா என்று சோதிக்க வேறென்ன வேண்டும்? எண்களையும் அவர் எல்லோருக்கும் கொடுத்துவிட்டார். பிறகு சக ஆராய்ச்சியாளர் ஜிம் பிளின் கெண்டியைக் கொஞ்சம் குள்ளமாக்க, அந்த உருவமே நிலைத்துவிட்டது.

ஒரே குறை, முதல் வடிவத்தில் கெண்டிக்கு அடிப்பாகமே கிடையாது. வெளிச்சத்தை மட்டுமே ஊற்றியவர்களுக்கு அது பெரிதாகப் படவில்லை. அசல் கெண்டி இப்போது கலிபோர்னியாவில், கணினி வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதற்கு அடி உண்டு.