பல்லின் மேல் பழி

திண்டிவனத்தில் 3 மாதக் குழந்தைக்கு எச்சில் வடிந்தால் போதும், தெருவே தீர்ப்புச் சொல்லிவிடும்: பல் முளைக்கிறது. காய்ச்சலா, பல். கழிச்சலா, அதுவும் பல். ஈறைவிட்டே வெளிவராத ஒன்றின் மேல் இத்தனை வழக்குகள்! மேல்பல் முந்தினால் மாமனுக்கு ஆகாது என்று கூடுதல் குற்றச்சாட்டு வேறு. உண்மையில் அந்த வயதில் உமிழ்நீர் தானாகவே பெருகும். முதல் பல் பெரும்பாலும் 6ஆம் மாத வாக்கில்தான். 4ஆம் மாதத்திலேயே முளைப்பதில்லையா என்பீர்கள். உண்டு, அதற்குக் கழுவிய விரலால் ஈறைத் தடவுவதும் குளிர்ந்த ஈரத்துணியும் போதும். மரத்துப்போக வைக்கும் பென்சோகெயின் ஜெல்லை 2 வயதுக்குள் தடவக்கூடாதென்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2018இல் எச்சரித்தது. ரத்தம் பிராணவாயுவைச் சுமப்பதை அது கெடுக்கலாம். காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால் பல்லை விட்டுவிட்டு, அன்றே அரசு மருத்துவமனைக்குத் தூக்கிப் போங்கள். ஆட்டோ பிடிக்க மாமனை அனுப்பலாம்.