விதைநெல்லும் விளைச்சலும்

கேள்வி: நாவலைப் படமாக்கும்போது கதையை மாற்றலாமா? ‘பொன்னியின் செல்வன்’ பார்த்த நாளிலிருந்து எங்கள் வீட்டில் இதே சண்டை!

பதில்: தாராளமாக மாற்றலாம், உயிர் போகாமல் இருந்தால் சரி. நாவல் விதைநெல். அதையே இலையில் போடச் சொன்னால் எப்படிச் சாப்பிடுவது?

புதுமைப்பித்தனின் ‘சிற்றன்னை’யிலிருந்துதான் 1979-ல் மகேந்திரன் ‘உதிரிப்பூக்கள்’ எடுத்தார். இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் ஒரே கதை என்று சொல்லவே முடியாது. ஆனாலும் தாயில்லாப் பிள்ளைகளின் தவிப்பு இரண்டிலும் அப்படியே இருக்கிறது. படத்தின் முடிவில் ஆறு ஓடுகிறது, ஊரே கரையில் நிற்கிறது, நடுவே அந்த இரண்டு பிஞ்சுகள்! இன்று பார்த்தாலும் எனக்குத் தொண்டை அடைக்கும். தமிழில் இதைவிடச் சிறந்த முடிவுக் காட்சி கிடையாது.

‘சிற்றன்னை’ சின்னப் புத்தகம்தான். வீட்டில் எல்லோரும் படித்துவிட்டு, பிறகு சண்டையைத் தொடருங்கள்.