கரையான் தின்ற துணி

கையாடல் வழக்கில் மாட்டியவர் முதலில் தேடுவது வக்கீலை அல்ல. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு படுக்க ஒரு ஸ்ட்ரெச்சரை. முன் ஜாமீன் கைக்கு வரும்வரை ஈசிஜி ஓடிக்கொண்டிருக்கும். அடுத்ததுதான் வக்கீல். அவரும் "எவ்வளவு எடுத்தீங்க?" என்று அநாகரிகமாகக் கேட்க மாட்டார். "லெட்ஜர் எழுதினது யாரு?" என்பார். எழுதியவர் அநேகமாகக் காலமாகியிருப்பார்.

"ஒண்ணாந் தேதி திருப்பி வச்சிடலாம்னுதான் எடுத்தேன் சார்" என்று மட்டும் உளறக்கூடாது. கொஞ்ச நாளைக்கு எடுத்தாலும் கையாடல்தான் என்று 1860இன் தண்டனைச் சட்டத்திலேயே விளக்கம் இருக்கிறது. வெள்ளைக்காரனுக்கு நம் கேஷியர்களை நன்றாகத் தெரிந்திருக்கிறது.

கற்பனை வளத்துக்கு 1960இல் உச்ச நீதிமன்றம் தீர்த்த பம்பாய் வழக்கைச் சொல்ல வேண்டும். சாயம் போட்டுத் தர அரசு கொடுத்த துணியில் லட்சம் கெஜத்துக்கு மேல் காணோம். எங்கே ஐயா? பழசாகிக் கரையான் அரித்துவிட்டதாம்! இரும்பை எலி தின்ற கதை கேட்டு வளர்ந்த நாடுதான். ஆனாலும் நீதிபதிகள் மசியவில்லை. ஒப்படைத்த சரக்குக்குக் கணக்கும் இல்லை, சொன்ன காரணமும் பொய் என்றால், கெட்ட எண்ணம் இருந்ததாகவே கொள்ளலாம் என்றார்கள்.

2024 ஜூலையில் அந்தத் தண்டனைச் சட்டத்தின் பெயர் மாறியது. அரசு ஊழியரையும் வங்கிக்காரரையும் பிடிக்கும் பழைய 409ஆம் பிரிவு, இப்போது 316(5). ஆயுள் தண்டனை வரை போகலாம் என்பது அப்படியே. வாய்தாவும் அப்படியே.

கரையானும்தான். அதற்குக் கேஸ் கட்டு இருக்கிறது.