நாலு மணி அம்மா

“நான் தினமும் காலையில நாலு மணிக்கு எந்திரிச்சிருவேன்.”

மைக் கைக்கு வந்ததும் முதலில் விழும் வாக்கியம் இதுதான். வணக்கம், நன்றி எல்லாம் அப்புறம். இரண்டு பிள்ளைகளுக்குத் தாய், வேலைக்குப் போகிறவர், இரண்டு கவிதைத் தொகுப்பு போட்டவர், எட்டு வருடமாக ஒரு நாவல் எழுதிக்கொண்டிருப்பவர். மார்ச் 8 நெருங்கினால் போதும், வங்கிக் கிளை, மகளிர் கல்லூரி, குடியிருப்போர் நலச்சங்கம் என்று எங்கிருந்தாவது அழைப்பு வந்துவிடும். குடும்பத்தையும் எழுத்தையும் எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்பதுதான் எல்லா இடத்திலும் தலைப்பு. பதிலும் எல்லா இடத்திலும் ஒன்றுதான்.

இந்த வகையினரை நங்கநல்லூரிலும் பார்க்கலாம், நாகர்கோவிலிலும் பார்க்கலாம். எல்லோரிடமும் நீல நிற ஸ்கூட்டரும், வார் அறுந்து ஊக்கு குத்திய கைப்பையும் இருக்கும் என்று சொல்ல முடியாது. ஆனால் இருக்கும்.

மேடையோடு நின்றால் யாருக்கும் வருத்தமில்லை. பல் மருத்துவர், “எப்பலேர்ந்து வலிக்குது?” என்று கேட்டால், “நாலு மணிக்கு எந்திரிச்சப்பவே லேசா இருந்துச்சு டாக்டர்” என்பார். காய்கறிக்காரரிடம், “நாலு மணிலேர்ந்து நிக்கிற காலுப்பா இது, பார்த்துப் போடு” என்று பேரம். பையன் வகுப்பில் தூங்கி விழுகிறான் என்று ஆசிரியை கூப்பிட்டுச் சொன்னபோது, “என்னைப் பாருங்க மிஸ், நாலு மணிக்கு எந்திரிக்கிறேன், தூங்குறேனா?” என்று கேட்டுவிட்டு வந்தார். உச்சக்கட்டம், போன வருடம் துக்கம் கேட்கப் போன இடத்தில் நடந்தது. இறந்தவரின் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு, “நாலு மணிக்கு எந்திரிச்சு டிகாஷன் போட்டுட்டு இருக்கேன், என்னமோ மனசே சரியில்ல. அப்பவே நெனச்சேன்” என்றார். அழுதுகொண்டிருந்த அந்தம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு கேட்டார்:

“தினமுமா நாலு மணிக்கு?”

அதற்குப் பிறகு பத்து நிமிடம் பேச்சு இறந்தவரைப் பற்றி இல்லை.

சந்தேகப்படுகிறவர்களுக்கு ஆதாரம் தயார். அடுக்ககத்தின் வாட்ஸப் குழுவில் தினமும் 4.07க்கு ஒரு தாமரைப் படம் வரும். கீழே, ‘இனிய காலை’. அறுபத்து மூன்று குடும்பங்கள் ஏழு மணிக்கு மேல் கண்ணைக் கசக்கிக்கொண்டு அந்த 4.07ஐப் பார்த்துவிட்டுத்தான் பல் தேய்க்கப் போகின்றன. பல பேர் குழுவின் ஒலியை அடைத்துவிட்டார்கள். தாமரையை அடைக்க வழி தெரியவில்லை.

இதில் விலைவாசி வேறு ஏறிக்கொண்டே போகிறது. முதல் தொகுப்பு வந்தபோது அவர் எழுந்தது ஐந்தரைக்கு. பின்னட்டைக் குறிப்பிலேயே இருக்கிறது. இரண்டாவது குழந்தை பிறந்தபோது ஐந்து. இன்னொரு பெண்மணி, அவரும் கவிஞர், ஒரு கருத்தரங்கில் “நாலரை” என்று சொல்லிவிட, மறு மாதமே இவர் நாலுக்கு இறங்கினார். போன மார்ச்சில் ஒரு கல்லூரியில் “மூணே முக்கால்” என்றாராம். இதே வேகத்தில் போனால் முந்தின நாள் இரவுச் சாப்பாட்டுக்கு முன்பே மறுநாள் எழுந்துவிடுவார்.

காரணம் கேட்டால் பிரம்ம முகூர்த்தம். அதையும் ஒரு முறை கணக்குப் போட்டுவிடுவது நல்லது. முகூர்த்தம் என்பது 48 நிமிடம். சூரியன் உதிப்பதற்கு இரண்டு முகூர்த்தம் முன்பு, அதாவது 96 நிமிடம் முன்பு, பிரம்ம முகூர்த்தம் தொடங்கும். சென்னையில் ஜனவரி கடைசியில் ஆறரை மணியைத் தாண்டித்தான் உதயம். ஆகவே அப்போது முகூர்த்தம் பிறக்கையில் மணி கிட்டத்தட்ட ஐந்து. சீக்கிரம் விடியும் ஜூன் மாதத்தில்கூட நாலு அடித்துச் சில நிமிடம் ஆன பிறகுதான். ஆக, வருடம் முழுக்க அவர் பிரம்மாவுக்கு முன்பே எழுந்து அவருக்காகக் காத்திருக்கிறார்.

இன்னொரு கணக்கும் உண்டு. வளர்ந்தவர்களுக்கு ஏழு மணி நேரமாவது தூக்கம் வேண்டும் என்கிறார்கள் மருத்துவர்கள். நாலுக்கு எழ வேண்டுமானால் ஒன்பதுக்குப் படுக்க வேண்டும். எந்த வீட்டில்? ஒன்பது மணிக்குத்தான் மாமியாரின் சீரியலில் மருமகள் விஷப் பாலைக் கையில் எடுக்கிறாள். ஒன்பதரைக்குத்தான் நாலாம் வகுப்புப் பிள்ளை புத்தகப் பையைத் திறந்து, “அம்மா, நாளைக்கு சார்ட் பேப்பர் கொண்டு போகணும். தெர்மாகோல்ல எரிமலையும்” என்கிறது. அந்த நேரத்தில் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு எந்தக் கடை திறந்திருக்கிறது என்று தெருத் தெருவாக அலையாத எழுத்தாளர் தமிழில் இருக்கலாம். அவர் அம்மாவாக இருக்க முடியாது.

பேச்சைக் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போகிறார்களே, அவர்கள் பாடுதான் பாடு. ஒருத்திக்கு வீணை, ஒருத்திக்கு எம்பிராய்டரி, ஒருத்திக்குப் பாதியில் விட்ட பிஎச்.டி. எல்லோரும் அன்றிரவே அலாரத்தை நாலுக்கு வைக்கிறார்கள். வங்கி ஊழியர் ஒருவர் மூன்று நாள் எழுந்தார். நாலாம் நாள் சிக்னலில் சிவப்புக்கு நின்றவர், பச்சை விழுந்து, மறுபடி சிவப்பு விழுந்து, பின்னால் இருந்த மாநகரப் பேருந்து ஓட்டுநர் இறங்கி வந்து எழுப்பும்வரை நின்றார். அவருடைய வீணை இன்னும் உறையில்தான் இருக்கிறது. முன்பு அதற்குக் காரணம் நேரமின்மை. இப்போது தன் சோம்பேறித்தனம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். நாலு மணி அம்மா செய்யும் கெடுதல் இது ஒன்றுதான். இது சின்னக் கெடுதல் இல்லை.

மேடையில் அவர் மேற்கோள் காட்டும் பெயர் டோனி மாரிசன். நோபல் பரிசு வாங்கியவரே விடியுமுன் எழுந்துதான் எழுதினார் என்பார். உண்மைதான். ஆனால் மாரிசன் மணமுறிவுக்குப் பின் இரண்டு மகன்களைத் தனியாக வளர்த்தவர். பதிப்பகத்தில் முழு நேர வேலை. அவருடைய முதல் நாவல் வந்தது 1970இல், 39 வயதில். பிள்ளைகள் எழுந்து ‘அம்மா’ என்று கூப்பிடுவதற்குள் எழுதியாக வேண்டியிருந்தது, விடியுமுன் எழுந்தது வேறு வழியில்லாமல் என்று அவரே சொல்லியிருக்கிறார். நம்மவர் பேச்சில் ‘வேறு வழியில்லாமல்’ மட்டும் உதிர்ந்துபோய், எழுந்தது மிஞ்சிவிடுகிறது.

நம் ஊர்க்காரர் வை.மு. கோதைநாயகியை அவர் தொடவே மாட்டார். அந்தம்மாள் எத்தனை மணிக்கு எழுந்தார் என்ற குறிப்பு கிடைக்காததுதான் காரணமாக இருக்க வேண்டும். 1925இலிருந்து ‘ஜகன்மோகினி’ பத்திரிகை, 115 நாவல்கள், கச்சேரி, மேடைப்பேச்சு, சுதந்திரப் போராட்டம். முதல் நாடகத்தை இயற்றியபோது எழுதப் பழக்கமில்லை. அவர் சொல்லச் சொல்லத் தோழி பட்டம்மாள் எழுதிக் கொடுத்தார். மறியலுக்காகச் சிறை வைத்தார்கள். அங்கேயும் உட்கார்ந்து நாவல் எழுதினார். காபி கேட்டு யாரும் கூப்பிடாத முதல் இடமாக அது இருந்திருக்கக் கூடும். துவரங்குறிச்சியில் சல்மா கவிதை எழுதியது இரவில், கழிவறையில். அந்தக் காகிதங்கள் அவருடைய அம்மா கை வழியாகத்தான் வெளியே போயின. தோழி, சிறை, கழிவறை, அம்மா. இவர்கள் கதையிலெல்லாம் அலாரம் கடிகாரத்துக்குப் பெரிய வேடம் இல்லை.

நம்மவருக்கும் ஆள்பலம் உண்டு. ஏப்ரல், மே முழுக்க ஊரிலிருந்து அம்மா வந்துவிடுவார். சமையலுக்கு ஒருவர் வருகிறார். கணவர் பெண்ணை நீச்சல் வகுப்புக்குக் கூட்டிப் போகிறார். இதில் ஒன்றையும் மேடையில் சொல்ல மாட்டார். ஏன் மறைக்கிறார் என்று எரிச்சல்பட்டவர்கள்தான் அதிகம். இந்தக் கட்டுரைக்காக யோசித்துப் பார்த்தபோதுதான் இடித்தது: சொன்னால் என்ன ஆகும்?

“அம்மா பாத்துக்கறாங்க” என்றால், “பாவம், வயசான காலத்துல அவங்களை…” என்று முன்வரிசை உச்சுக் கொட்டும். “சமையலுக்கு ஆள் இருக்காங்க” என்றால், “ஓ, ஆள் வச்சிருக்காங்களா!” என்று மொத்த நாவலும் அந்தச் சமையற்காரர் கணக்கில் வரவாகும். “வீட்டுக்காரர் உதவுறார்” என்றால் அரங்கமே கைதட்டும், அவருக்கு. வாரத்தில் ஒரு நாள் நீச்சல் குளத்தின் ஓரத்தில் உட்கார்ந்து செல்போன் பார்த்ததற்கு அவருக்குப் பொன்னாடை போர்த்தினாலும் போர்த்துவார்கள். யார் பங்கையும் எடுக்காமல், யார் வாயிலும் விழாமல் ஒரு தாய் சொல்லக்கூடிய ஒரே பதில், தன் தூக்கத்திலிருந்து எடுத்துக்கொண்டேன் என்பதுதான். அதைத்தான் அவர் சொல்கிறார். கொஞ்சம் அதிகமாகவே சொல்கிறார்.

ஆண்களிடம் இந்தக் கேள்வி போகாது. கல்கி இரண்டு பிள்ளைகளுக்கு அப்பா. சுஜாதாவும் இரண்டு மகன்களுக்கு அப்பா. பெங்களூரில் பாரத் எலெக்ட்ரானிக்ஸில் பொறியாளர் வேலை பார்த்துக்கொண்டே எழுதிக் குவித்தார். புனைபெயருக்குக்கூட மனைவியின் பெயரைத்தான் எடுத்துக்கொண்டார். ‘அப்பா பொறுப்பையும் எழுத்தையும் எப்படி சார் சமாளிக்கிறீங்க?’ என்று மாலை போட்டு மேடையேற்றி அவர்களை யாராவது கேட்டிருப்பார்களா?

கேட்க வேண்டிய கேள்விக்கு அரசாங்கமே விடை அச்சடித்து வைத்திருக்கிறது. மத்தியப் புள்ளியியல் அமைச்சகத்தின் 2024ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, சம்பளமில்லாத வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்குச் செலவிடுவது நாளுக்குச் சராசரியாக 289 நிமிடம். வீட்டு வேலை செய்கிற ஆண்கள், செய்கிறவர்களை மட்டும் எடுத்தாலே, 88 நிமிடம். 289 நிமிடம் என்றால் நாலு மணி நாற்பத்தொன்பது நிமிடம். ஆக, நாலு மணி என்று அவர் சொல்வது பொய்யே இல்லை, கடிகாரத்தில் பார்க்காமல் இருந்தால். வித்தியாசம் 201 நிமிடம். அதை அப்படியே அவரிடம் திருப்பிக் கொடுத்தால், காலை ஏழு மணி இருபத்தொரு நிமிடம் வரை அவர் இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்கலாம்; நாவலுக்கும் ஒரு நிமிடம் குறையாது.

உண்மையிலேயே எழுகிறாரா என்று ஒரு முறை சோதனை நடந்துவிட்டது. திருச்சியிலிருந்து வந்த தோழி ஒருத்தி அவர் வீட்டில் தங்கினாள். அலாரம் அடிக்கும் முன்பே விளக்கு எரிந்தது. மணி 3.55. மனுஷி எழுகிறார்! டிகாஷன் இறங்கும் சத்தம். பால் பொங்கும் வாசனை. 4.07க்குத் தாமரை போனது. பிறகு நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு பால்கனிப் பக்கம் பார்த்து உட்கார்ந்தார். ஐந்து நிமிடம், பத்து நிமிடம், அரை மணி. பேனா மூடியே திறக்கவில்லை. தோழி மெல்லப் போய், “ஏண்டி, எழுதலையா?” என்றாள். அவர் உதட்டில் விரல் வைத்தார்.

“சும்மா இரு. யாரும் கூப்பிடலை பாரு.”

4.50க்கு உள்ளேயிருந்து, “அம்மா…” நோட்டு மூடியது. எல்லா மேடையிலும் பேசிய நாவலைப் பற்றித் தோழியிடம் அவர் அப்புறம் பேசவில்லை. தோழியும் கேட்கவில்லை.

இதோடு முடித்துவிட்டால் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் மார்கழி வந்ததே!

அந்த அடுக்ககத்தில் அவர் வீட்டோடு இன்னும் மூன்று வீடுகளுக்கு வேலைக்கு வரும் பெண்மணி, முன்பு அடையாற்றங்கரையில், நடக்கும் தூரத்தில் குடியிருந்தவர். 2015 வெள்ளத்துக்குப் பிறகு ஆற்றங்கரைக் குடும்பங்களைப் பெரும்பாக்கம் அடுக்குமாடிகளுக்கு அனுப்பியதில் அவரும் போனார். வேலை மட்டும் பழைய இடத்தில். இரண்டு பிள்ளைகள் அவருக்கும். தண்ணீர் பிடித்து, சோறு வடித்து மூடி வைத்துவிட்டு, இருட்டில் பேருந்து ஏறி, மார்கழி முழுக்க ஐந்தரைக்கு வந்து வாசலில் கோலம் போடுவார். பதினைந்து புள்ளி, இடைப்புள்ளி. ஒரு நாள் போட்டதை மறுநாள் போட்டதில்லை. கோலத்துக்கென்று அவர் கூலி கேட்டதும் இல்லை, யாரும் கொடுத்ததும் இல்லை.

ஒரு நாள் அந்தக் கோலம் நாலு மணி அம்மாவின் வாட்ஸப் ஸ்டேட்டஸில் வந்தது. ‘விடியுமுன் விரிந்த என் வாசல்’ என்று கவிதை மாதிரி நாலு சொல் கூடச் சேர்த்து. எத்தனையோ பேர், “எப்படி மேடம் இதுக்கும் நேரம் கிடைக்குது?” என்று கேட்டார்கள். இதயம் மட்டும் அனுப்பினார். இது நன்றாக இல்லை. சுற்றி வளைக்காமல் சொல்வதானால், திருட்டு.

கோலம் போட்டவர் அதைப் பார்த்தாரா என்று தெரியாது. பொங்கலுக்கு முந்தின வாரம் அவர் வந்து கேட்டது வேறு.

“அக்கா, நீங்க நாலு மணிக்கே எந்திரிக்கிறீங்கல்ல? எஞ்செல்லு ரிப்பேரு, அலாரம் அடிக்க மாட்டேங்குது. தங்கச்சி நம்பர் தர்றேன். எந்திரிச்சதும் எனக்கு ஒரு போன் போட்டு எழுப்பி விடுங்களேன்.”

அக்கா ஒரு நிமிடம் யோசித்தார். “சரி, பாக்கறேன்” என்றார். அன்று சாயங்காலமே ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போய், தலையில் இரண்டு மணி வைத்த பழைய மாடல் அலாரம் கடிகாரம் ஒன்று வாங்கி வந்து, பேட்டரியும் போட்டு அவர் கையில் கொடுத்தார்.