பெரியாக்கள் எடுக்கும் பார்ட்டிப் படம்

2003இல் ஷங்கரின் ‘பாய்ஸ்’ வந்தது. ஐந்து பெடியள், ஒரு பெட்டை, கூத்து, கும்மாளம், காதல். சித்தார்த், பரத், நகுல், தமன், மணிகண்டன் என்று புதுமுகப் பட்டாளம். பதின்ம வயதுப் பெடியனாக வந்த சித்தார்த்துக்கு 24 வயது. ஜோடியாக வந்த ஜெனிலியாவுக்கு 16தான். பெண்ணுடலைப் பார்த்து வாயூறுகிற படம் என்று தமிழ்நாட்டில் எதிர்ப்புக் கிளம்பியது. ஆனந்த விகடன் ‘சீ’ என்ற ஒற்றைச் சொல்லோடு விமர்சனத்தை முடித்துக்கொண்டது.

அந்தச் ‘சீ’யை யாழ்ப்பாணத்துப் பெரியாக்கள் இன்னமும் மடியில் கட்டி வைத்திருக்கிறார்கள். ஏ.எல். சோதினை முடித்த பிள்ளைகள் நாலுபேர் கடற்கரையில் கேக் வெட்டினால் போதும், அவிழ்த்து எறிவார்கள். கூடவே ‘கலாசாரச் சீரழிவு’ என்று ஒரு அறிக்கையும் வரும்.

ஆனால் இதே பெரியாக்கள் தங்கள் காசில் தயாரிக்கும் பதின்மப் பார்ட்டிப் படம் ஒன்று, வலிகாமத்திலும் வடமராட்சியிலும் தென்மராட்சியிலும் ஓயாமல் ஓடுகிறது. படத்தின் பெயர் சாமத்தியவீடு. அழைப்பிதழில் மட்டும் ‘பூப்புனித நீராட்டு விழா’.

கதாநாயகிக்குப் பன்னிரண்டோ பதின்மூன்றோ வயது. வசனம் கிடையாது. சேலையின் பாரமும் தலையலங்காரத்தின் பாரமும் கழுத்தை இழுக்க, சிரித்தபடி நிற்பதுதான் வேடம். தயாரிப்பாளர் அப்பா, காணி ஈடு வைத்த காசு. இணைத் தயாரிப்பாளர் கனடாச் சித்தப்பா. தான் போட்ட டொலர் திரையில் தெரியவேண்டும் என்பது அவருடைய ஒரே நிபந்தனை. இயக்குநர் வீடியோக்காரர். கசூரினாக் கடற்கரைக்குக் கூட்டிப்போய், சினிமாப் பாட்டைப் போட்டு, “தங்கச்சி, கொஞ்சம் வெக்கப்படுங்கோ” என்று ஒரு குழந்தைக்கு நடிப்புச் சொல்லிக்கொடுப்பார். மேலே ட்ரோன் பறக்கும். புலம்பெயர் நாட்டில் பிள்ளையை ஹெலிகொப்டரில் கொண்டுவந்து இறக்கிய கூத்தும் நடந்தது. ஆகவே ட்ரோனோடு நிற்பது நமது எளிமை.

துணை நடிகர்களாகத் தாய்மாமன், மாமி, ஆலாத்தித் தட்டோடு வரிசையில் நிற்கும் பெண்கள். சிரிப்பு நடிகர் யாரென்றால், முன்வரிசையில் வயிறார உண்டபின் எழுந்து, இளைய தலைமுறை சினிமாவால் கெட்டுப்போவதாக ஒலிவாங்கியில் உருகும் பிரமுகர். அவருக்குப் பின்னால், சினிமா நடிகை மாதிரி ஒப்பனை செய்த பிள்ளையின் படம் ஆளுயரப் பதாகையில் தொங்கும்.

ஒரு சிறுமிக்கு முதல் தடவை மாதவிடாய் வந்ததை ஊருக்கும் உலகத்துக்கும் அறிவித்து, கதிரை போட்டு, அன்பளிப்பு என்வலப் வாங்கி, நேரலையும் செய்வது பண்பாடு. அதே மாதவிடாய்க்குக் கடையில் நாப்கின் வாங்கினால், பேப்பரில் சுற்றி ஒளித்துக் கொடுப்பதும் பண்பாடு. ஷங்கர் பெண்ணுடலைக் காசாக்கினார் என்று கோபப்பட்டவர்களே, அவருடைய கதாநாயகியாவது சம்பளம் வாங்கினார்.

நாலு வருசம் போகட்டும். அந்தப் பிள்ளை கூட்டாளியின் பிறந்தநாளுக்குப் போக ஒரு பின்னேரம் கேட்கிறாள். “சனம் என்ன கதைக்கும்?” என்கிறார், அவளுடைய படத்தைச் சந்தியில் தொங்கவிட்ட அதே அப்பா. எல்லாம் பெட்டையின்ர பாதுகாப்புக்காகத்தானாம்.

பாதுகாப்பா? 1996 செப்டெம்பர் 7ஆம் திகதி கைதடிக் காவலரணில் இராணுவத்தினர் பிடித்து, வல்லுறவு செய்து கொன்ற கிருசாந்தி பார்ட்டிக்குப் போய் வரவில்லை. உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு வீட்டுக்கு வந்துகொண்டிருந்தாள். 2015 மே மாதம் புங்குடுதீவில் கொல்லப்பட்ட மாணவியும் பள்ளிக்கூடத்துக்குத்தான் போனாள். இரண்டு பிள்ளைகளும் நீங்கள் கீறிய கோட்டைத் தாண்டவேயில்லை. குற்றம் செய்தது ஆண்கள். பூட்டு மட்டும் இன்றைக்கும் பெட்டையின் படலையில்.

பிள்ளைகள் தாங்களே காசு சேர்த்து, தாங்களே பாட்டுப் போட்டு, தாங்களே விரும்பி ஆடினால் அது சீரழிவு. பிள்ளையைப் பொம்மையாக நிறுத்திவைத்துப் பெரியாக்கள் ஆடினால் அது விழுமியம். இந்த ஊரில் பதின்ம வயதின் மகிழ்ச்சிக்கு எதிர்ப்பில்லை. அது பிள்ளைகளுக்குச் சொந்தமாக இருக்கக்கூடாது, அவ்வளவுதான்.

ஆகவே பெரியோர்களே, அடுத்த அழைப்பிதழ் அச்சுக்குப் போகமுன், சுபநேரத்துக்கும் மண்டபத்தின் பெயருக்கும் கீழே நேர்மையாக ஒரு வரி சேர்த்துவிடுங்கள்: “இவ்விழாவில் பிள்ளையின் விருப்பம் தவிர்ந்த சகலதும் பரிமாறப்படும்.”