பெட்டிக்குள் படம்

கேள்வி: பழைய படங்களை நாங்களே காசு போட்டுப் புதுப்பித்து வெளியிட, ரசிகர் மன்றத்துக்கு ஸ்டுடியோ அனுமதி தருமா?

பதில்: உரிமை யாரிடம் இருக்கிறது என்று முதலில் ஸ்டுடியோவே கண்டுபிடிக்க வேண்டுமே! நெகட்டிவ் உரிமை ஒருவரிடம், டிவி உரிமை இன்னொருவரிடம், தயாரிப்பாளரின் பேரன்கள் கோர்ட்டில். நெகட்டிவோ கெட்டுப்போய் வினிகர் வாடை வீசிக்கொண்டு எங்கோ கிடக்கும். 1964-ல் வந்த 'கர்ணன்' 2012-ல் டிஜிட்டலில் புதுப்பிக்கப்பட்டு நூறு நாள் தாண்டி ஓடியதிலிருந்து, பரணில் கிடக்கும் பெட்டியைக்கூட யாரும் சும்மா தருவதில்லை. பொறுமைசாலி என்றால் காத்திருக்கலாம்: இந்தியச் சட்டப்படி படத்தின் காப்புரிமை 60 ஆண்டுதான். ஆனால் பாட்டு வரிகளுக்கு, கவிஞர் மறைந்த பிறகு 60 ஆண்டு. உதாரணமாக, கவிஞர் கண்ணதாசன் மறைந்தது 1981-ல். ஆகவே 2041 முடியும்வரை வாயசைப்பை மட்டும் ரசியுங்கள்!